கண்ணாடியில்லாத காரில் மச்சாள்

மச்சாள்,

இன்று காலை கராஜுக்கு வந்த ஒரு காரின் பொனற்றைத் திறந்தேன். றேடியேற்றர் வெடித்து, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ற் சூடாக அதன் மேல் வழிந்திருந்தது. தொண்டையில் ஒட்டுகிற அந்தத் தித்திப்பு மணம் முகத்தில் அடித்ததும் கையில் துணியோடு அப்படியே நின்றுவிட்டேன். என்னோடு வேலை செய்பவர் சுட்டுவிட்டதோ என்று கேட்டார். இல்லை என்றேன். அந்த மணத்தோடு நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

விபத்துக்கு முன் உங்களைப்போல் வாகனம் ஓட்டிய ஒருவரை எங்கள் குடும்பத்தில் நான் கண்டதில்லை. நாங்கள் இருந்த மல்வேர்னில் எத்தனையோ பிள்ளைகள் உங்களுடைய மஞ்சள் பஸ்ஸில் ஏறித்தான் பள்ளிக்கூடம் போனார்கள். பனி கொட்டுகிற காலையிலும் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், பின்சீற்றில் எழும்பி நிற்பவனைப் பெயர் சொல்லி இருத்துவீர்கள். கலியாணம் முடித்து இங்கே வந்ததும் நீங்கள் அண்ணாவிடம் கேட்டது நகையுமில்லை, சேலையுமில்லை, கார் பழக ஓர் இடம். அவர் அதை இன்றைக்கும் சொல்லுவார்.

பிறகு ஒரு மாசி மாதம், 401 நெடுஞ்சாலையில் உங்கள் சொந்தக் காரில் வந்துகொண்டிருந்தபோது ட்ரக் ஒன்று பின்னாலிருந்து தட்டியது. கார் சுழன்று நடுச்சுவரில் மோதி நின்றது. காறை எலும்பு முறிந்தது, அது ஆறிவிட்டது. ஆனால் நீங்கள் ஸ்ரியரிங்கைத் திரும்பத் தொடவில்லை. பஸ் வேலையை விட்டீர்கள். அண்ணாவுக்குப் பக்கத்தில் இருந்து போகும்போதுகூட உங்கள் வலது கால் அங்கே இல்லாத பிரேக்கை அழுத்திக்கொண்டிருக்கும். பெரிய வாகனம் எதுவும் அருகில் வந்தால் கண்ணை மூடிவிடுவீர்கள். மெல்ல மெல்லப் பழகச் சொன்னார் வைத்தியர். அவருக்கு "ஓம்" சொல்லிவிட்டு, பொதி கட்டுகிற வேலை ஒன்றுக்கு பஸ் ஏறிப் போய்வரத் தொடங்கினீர்கள்.

அந்த இலையுதிர்காலத்தில் அண்ணா எங்கள் இருவரையும் நகரத்துக்கு வெளியே ஒரு சிற்றூர்ச் சந்தைக்குக் கூட்டிப் போனார். பூசணிக்காய் பார்க்கத்தான் போனோம். கண்டது டெர்பியை. சேற்றுத் திடல் ஒன்றில் பழைய கார்கள் வேண்டுமென்றே ஒன்றையொன்று இடித்துக்கொண்டன; கடைசிவரை அசைகிற கார் வெல்லுமாம். முதல் சத்தத்திலேயே உங்களை அங்கிருந்து இழுத்துக்கொண்டு போக நினைத்தேன். நீங்களோ வேலியைப் பிடித்தபடி முடியும்வரை நின்றீர்கள். திரும்பி வரும்போது பின்சீற்றில் என் பக்கம் சாய்ந்தீர்கள்.

"உவங்கள் அவ்வளவு அடியும் வாங்கிப்போட்டு ஜன்னலால இறங்கி நடந்து போறாங்கள். பாத்தனீரே?"

"ஓம், பாத்தனான்."

"அடுத்த முறைக்கு நீர் எனக்கு ஒரு கார் செய்து தாரும்."

முன்சீற்றில் அண்ணா றேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். நானும் அந்தக் குளிர்காலம் முழுவதும் மாட்டேன் என்றுதான் சொன்னேன். நீங்கள் சண்டை பிடிக்கவில்லை. ஒருநாள் உங்கள் குசினியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது, தெரிந்துகொண்டே ஏன் இடிபடப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"அண்டைக்கு அடி எங்கயிருந்து வந்ததெண்டே எனக்குத் தெரியாது," என்றீர்கள். "ஒருக்கா வாறதைப் பாத்துக்கொண்டு வாங்க வேணும்."

அடுத்த நாளே கார் தேடத் தொடங்கினேன்.

பழைய டாக்சி ஒன்று கிடைத்தது. உடம்பெல்லாம் துரு, எஞ்சின் மட்டும் திடமாயிருந்தது. வோபர்னில் எங்கள் கராஜின் பின்பக்கத்தில் முதலாளி ஓர் இடம் விட்டுத் தந்தார். டெர்பிக்கு வேண்டியது முரட்டுக் கார் என்று நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் நிற்காமல் ஓடுகிற கார்தான் வேண்டும். ஆகவே உடைக்கப்போகிற ஒரு காரை, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்துவதுபோல் வெளிக்கிடுத்தினோம். பழைய குழாய்களையும் பெல்ற்றையும் மாற்றினோம். பற்றறியை உள்ளே கொண்டுவந்து தரையில் இறுக்கிக் கட்டினோம். பெற்றோல் டாங்கியைக் கழற்றிவிட்டு, சின்ன டாங்கி ஒன்றைச் சாரதி சீற்றுக்குப் பின்னால் பூட்டினோம். கண்ணாடிகளைக் கழற்றியபின் இடுக்கிலெல்லாம் கிடந்த துகள்களை நீங்களே முழங்காலில் இருந்து பொறுக்கினீர்கள். கதவுகள் திறவாதபடி நான் வெல்டிங் செய்தேன்.

ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டீர்கள்: "உது உடைஞ்சா என்ன நடக்கும்?" நான் சொல்லுவேன். இது உடைந்தால் கார் நிற்கும், இது உடைந்தால் புகை வரும், இது உடைந்தால் ஒன்றுமே நடக்காது. கேட்டுத் தலையாட்டுவீர்கள். கோடை முடிவதற்குள், அந்தக் காரில் உங்களுக்குத் தெரியாத இடம் என்று ஒன்றும் இருக்கவில்லை. ஒருநாள் நான் கேட்காமலே ஏறி, கராஜின் பின்வளவில் முன்னும் பின்னுமாக ஓட்டிப் பார்த்தீர்கள். நான் பார்க்காததுபோல் ஸ்பனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

டெர்பி அன்று எங்களைத் தன் வானில் ஏற்றிக்கொண்டு அண்ணாவும் வந்தார். பார்க்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, உணவுக்கடைக்குப் பின்னால் போய் நின்றார். கொடி அசைந்ததும் சிவப்புக் கார் ஒன்று வந்து உங்கள் பின்பக்கத்தில் அடித்தது. நீங்கள் அசையவில்லை. எஞ்சின் நின்றுவிட்டதோ என்று காதைக் கொடுத்துக் கேட்டேன். இல்லை, ஓடிக்கொண்டுதான் இருந்தது. நின்றுபோனது நீங்கள்தான். ஹெல்மெற்றுக்குள் உங்கள் முகம் தெரியவில்லை. நடுவர் கொடியோடு உங்கள் பக்கம் நடக்கத் தொடங்கினார்.

அப்போது கார் பின்னுக்குப் போனது. மெல்லத்தான் போனது. பிறகு வேகமெடுத்து, அதே சிவப்புக் காரின் முன்சில்லைப் பெயர்த்தது. சனம் கத்தியது. அதன்பின் நீங்கள் ஒவ்வொருவரையும் தேடித் தேடிப் போனீர்கள். நடுவில், சேற்றில் வழுக்கி வந்த ஒரு கார் நேரே உங்கள் கதவில் மோதியது. அந்தக் கதவில் மோதக்கூடாது என்பது விதி. சேற்றுக்கு விதி தெரியாது. நீங்கள் தலையைத் திருப்பி அது வருவதைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்டேன். கண்ணை மூடியது நான்தான்.

கடைசியில் றேடியேற்றர் வெடித்து, வெள்ளை ஆவி எழும்பி, அந்த மணம் வேலிவரை வந்தது. இன்னும் இரண்டு கார்கள் அசைந்துகொண்டிருந்தன. நீங்கள் கதவோரம் கட்டியிருந்த தடியை முறித்துத் தோல்வியை ஒப்புக்கொண்டு, ஜன்னலால் இறங்கினீர்கள். கையை ஆட்டினீர்கள். பல்லெல்லாம் சேறு.

பார்க்கமாட்டேன் என்றவர்தான் முதலில் ஓடிவந்தார். எங்கேயாவது நோகிறதா என்று அண்ணா திரும்பத் திரும்பக் கேட்டார்.

"ஒண்டுமில்லை," என்றீர்கள். "வானின்ர திறப்பைத் தாங்கோ."

அவர் உங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தந்தார். 401 வழியாக மல்வேர்ன்வரை நீங்கள்தான் ஓட்டினீர்கள். ட்ரக்குகள் இரண்டு பக்கமும் போய்க்கொண்டிருந்தன. இந்த முறை அண்ணாவின் கால்தான் தரையை அழுத்தியது. நான் பின்னால் இருந்து சத்தமில்லாமல் அழுதேன். நீங்கள் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு, கண்ணைத் திரும்பச் சாலையில் வைத்தீர்கள்.

அடுத்த பள்ளி ஆண்டில் மஞ்சள் பஸ்ஸுக்குத் திரும்பி, பல ஆண்டுகள் ஓட்டினீர்கள். போன தை மாதம் நித்திரையிலேயே போய்விட்டீர்கள். செத்தவீட்டில், நீங்கள் ஏற்றி இறக்கிய பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். அண்ணா ஒவ்வொருவரிடமும், எந்தப் பஸ் தரிப்பில் ஏறினனீங்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

உங்களுக்குச் சொல்லாத ஒன்று உண்டு. டெர்பி அன்று நீங்கள் முகம் கழுவப் போனபின், நான் திடலுக்குள் இறங்கி அந்தக் கதவைத் தடவிப் பார்த்தேன். தகடு உள்ளே குழிந்து சீற்றைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெல்டிங் பிடித்த இடம் மட்டும் விடவில்லை. அதுவரைக்கும் நான் கார்களைத்தான் திருத்தியிருந்தேன். உள்ளே ஆள் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

இப்போது யாருடைய பிரேக்கைத் திருத்தினாலும், கடைசி நட்டை இறுக்கும்போது உள்ளே நீங்கள் இருக்கிறீர்கள் என்றுதான் இறுக்குகிறேன். அவர்களுக்கு அது தெரியாது. காரை எடுத்துக்கொண்டு அவர்கள் ஹைவே பக்கம் திரும்பும்வரை வாசலில் நின்று பார்க்கிறேன்.