பாதுஷாவின் காலித் தட்டு

டான்யூப் நதிக்கரை முகாம்,
சஃபர் பிறை 3

மனிசா நகரத்து வாயாடிகளின் பேரரசியான மருமகள் நிகாருக்கு,

பாதுஷாவின் வயிற்றுக்கு அதிபதியும் சட்டிகளின் சேனாதிபதியுமான உன் மாமன் பெஹ்லூல் எழுதுவது. நலம். நீங்களும் நலமாயிருக்க அல்லாஹ் அருளட்டும்.

கோட்டை இன்னும் விழவில்லை. நம் பீரங்கி இருமினால் வானத்திலிருந்து நட்சத்திரம் உதிர்கிறது; நேற்று ஒன்று என் பருப்பில் விழுந்தது, கரண்டியால் எடுத்து வீசினேன். இளவயதில் அரியணை ஏறி, பாதி உலகத்தைக் குதிரைக் குளம்பில் ஒட்டிக்கொண்டு வந்த பாதுஷா, இப்போது கீல்வாதத்தோடு படுத்தபடியே போர் நடத்துகிறார். என் சோறு நாலு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. உலகத்தை விழுங்கியவருக்கு என் ஆட்டுக்கறி செரிக்கவில்லையாம். இந்த அவமானத்தை எங்கே போய்ச் சொல்வேன்.

நீதான் கடிதமே போடுவதில்லை.

உன் மாமன்,
பெஹ்லூல்

மனிசா,
சஃபர் பிறை 19

அன்புள்ள மாமாவுக்கு,

நட்சத்திரக் கதையை வாசித்தும் சிரிப்பு வரவில்லை. என் வீட்டுக்காரர் இளைய இளவரசரின் வேட்டை வல்லூறுகளைப் பழக்குபவர் என்பது ஊரறிந்தது. பாதுஷா கண்மூடினால் மூத்த இளவரசர்தான் அரியணையில் உட்காருவார். அன்றைக்கே தம்பியின் ஆட்களுக்குக் கழுத்தில் கயிறு. இப்போதே ஓடினாலோ, துரோகிகளென்று தலையை எடுப்பார்கள். செய்தி முந்தித் தெரிந்தால் கப்பலேறிவிடலாம்.

கதவைக் காற்று தட்டினால்கூட இவர் செருப்பைத் தேடுகிறார். நான் மூட்டையைக் கட்டுகிறேன், அவிழ்க்கிறேன், மறுபடி கட்டுகிறேன். ஒரே ஒரு தடவை உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பாதுஷா எப்படி இருக்கிறார்?

உங்கள் நிகார்

முகாம்,
ரபீயுல் அவ்வல் பிறை 4

மருமகளே,

மூட்டையை அவிழ். உன் மாமன் சமைத்தே பாதுஷாவைக் குணமாக்கிவிட்டான்.

கோட்டை விழுந்தது. வலி அதிகமென்று கூடாரத்துக்குள் யாரையும் விடுவதில்லை. தலைமை வசீர் மட்டும் போய்வருகிறார். ஆனால் தட்டைப் பார்க்க வேண்டுமே, கழுவி வைத்ததுபோல் திரும்பி வருகிறது. எலும்பைக்கூட உறிஞ்சியிருக்கிறார். பாதுஷா தொட்டு மிச்சம் வைப்பதுதானே வாசல் காவலர்களின் பங்கு. ஆளவந்த நாள் முதல் அதை ஒருவேளையும் தவறவிடாதவர், என் கைப்பக்குவத்தில் மயங்கி மறந்தே போனார். காவலன் ஒருவன் என் தாடியைப் பிடிக்காத குறை.

"யோவ் சமையக்காரரே, கொஞ்சம் உப்பக் கூட்டிப் போடுய்யா. நீ இப்பிடி ருசியா ஆக்கினா நாங்க பட்டினி கெடந்து சாவுறதா?"

நேற்று வசீரே தலையை வெளியே நீட்டி, பாதுஷா இன்னும் கறி கேட்கிறார் என்றார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நாளை மேகத்தின் மேல் அடுப்பு மூட்டப்போகிறேன்.

உன் மாமன்,
அகில உலகச் சமையல் சுல்தான்,
பெஹ்லூல்

கடற்கரை,
ரபீயுல் அவ்வல் பிறை 20

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். தட்டு வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"உள்ள சாப்பிடுறது அவரில்ல, நிகார். எந்திரி."

நாலு வாய் இறங்காதவர் எலும்பை உறிஞ்சமாட்டார் மாமா. காவலர் பங்கை மறக்கவும் மாட்டார். மூத்தவர் வந்து சேரும்வரை, பாதுஷா உயிரோடிருப்பதாகக் காட்ட, வசீர் யாரையோ உள்ளே உட்காரவைத்துத் தின்னக் கொடுக்கிறார். உங்கள் கைப்பக்குவத்தைப் பற்றி இப்படி எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது. மன்னியுங்கள்.

கப்பல் புறப்படப் போகிறது. போகும் ஊரைச் சொல்லமாட்டேன். இனி எழுதவும் மாட்டேன்; நீங்களும் தேடாதீர்கள். இதை உப்பு வியாபாரியிடம் கொடுத்தனுப்புகிறேன், வாசித்ததும் அடுப்பில் போடுங்கள்.

உங்களை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. தட்டு காலியாக வந்துகொண்டிருக்கும்வரை முகாம் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டே இருங்கள். நீங்கள் வாய்மூடினால், உங்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டதென்று அன்றைக்கே கண்டுபிடித்துவிடுவார்கள். பெரிதாகப் பேசுங்கள் மாமா. இன்னும் பெரிதாக.

உங்கள் நிகார்