பிப்ரவரி பிளாப்பி

பாறசாலை,
12.10.1998

பிரியமுள்ள ஜீனா அப்பாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் அத்தையும் சுகமாக இருக்கிறோம். மஸ்கட்டில் இப்போது சூடு குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன். இங்கே துலாமழை பிடித்துவிட்டது. ரப்பர் வெட்டு பாதி நாள் நடப்பதில்லை. அத்தைக்கு முழங்கால் வலி இருக்கிறது, ஆனாலும் ஆராதனைக்குப் போகாமல் இருப்பதில்லை.

ஒரு காரியம் சொல்ல வேண்டும். சபை ஆபீஸ் கம்ப்யூட்டரில் நாம் இரண்டுபேரும் சேர்ந்து அடித்த குடும்பப் பட்டியல் அழிந்துபோயிற்று. பயப்பட வேண்டாம், திரும்பக் கிடைத்தது.

சபைச் செயலாளர் செல்லசாமி அண்ணனைத் தெரியுமே, அந்தக் கம்ப்யூட்டரைத் தனக்குச் சீதனமாகத் தந்ததுபோல நினைப்பு. வீட்டு ஜெபத்துக்காகக் கொல்லயில் என்ற வார்டின் பெயர்கள் மட்டும் ஒரு தாளில் வேண்டியிருந்தது. மற்ற வார்டுகளை எல்லாம் வெட்டித் தள்ளி, தாளை எடுத்துக்கொண்டு, அதே பெயரில் சேமித்தும் விட்டார். அதோடு நின்றாரா? நீங்கள் வைத்துவிட்டுப் போன ஒழுங்கு தவறக்கூடாது என்று, வாராவாரம் நகல் எடுக்கும் பிளாப்பியிலும் அதையே ஏற்றிவைத்தார். மறுநாள் நான் திறந்தால் கொல்லயில் வார்டு தவிர சபையே இல்லை. "நான் பேப்பரு எடுத்தேன், அவ்வளவாக்கும். மத்தவியள நான் தொடவேயில்ல" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பாவம், பட்டியலிலிருந்து அவர் வீடும் சேர்ந்துதான் போயிருந்தது.

அப்போதுதான் பிப்ரவரியில் லீவு முடிந்து போகுமுன் நீங்கள் எடுத்துவைத்த பிளாப்பி நினைவுக்கு வந்தது. மூலையில் இருக்கும் சின்னக் கட்டையை நகர்த்தி, இனி இதில் யாரும் எழுத முடியாது, எது கெட்டாலும் இந்த நாளுக்குத் திரும்பிவிடலாம் என்று சொன்னீர்கள். பூசணம் பிடிக்காமலிருக்கப் பிஸ்கட் டின்னில் அரிசிக்குள் புதைத்து வைத்திருந்தேன். அதைப் போட்டதும் எல்லாரும் வந்துவிட்டார்கள்.

எல்லாரும் என்றால் பிப்ரவரியில் இருந்தவர்கள். அதற்குப் பின் நடந்ததை எல்லாம் மறுபடி நான்தான் நடத்த வேண்டியிருந்தது. ஷாஜிக்குக் கல்யாணம் முடித்தேன். புஷ்பபாய் மகளுடைய குழந்தையைச் சேர்த்தேன். காலமான ஞானசிகாமணி வாத்தியாரை எடுத்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒவ்வொரு வகுப்பு கூட்டினேன். அப்படியே அடித்துக்கொண்டு வரும்போது நம்முடைய வீடு வந்தது. ஜீனா, மகள், எட்டாம் வகுப்பு. கை நிற்கவில்லை. ஒன்பது என்று அடித்துவிட்டேன்.

எனக்கு அழுகை வரவில்லை. மே மாதம் காய்ச்சலில் அவள் போனதிலிருந்து எனக்கு எதுவும் வருவதில்லை. ஜூனில், எடுக்க வேண்டிய பெயர்கள் எழுதிய சீட்டைப் போதகர் தந்தபோது அவள் பெயரை எடுத்ததும் நான்தான். மற்றச் சீட்டுகளைப்போல அதையும் பார்த்து எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து மீன் கழுவினேன். இந்தத் தடவை என்னால் முடியவில்லை.

செல்லசாமி அண்ணன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அது கெடக்கட்டு மக்கா. ராபின்சன் வரட்டு" என்று உங்கள் பெயரைச் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். பிளாப்பியை மறுபடி அரிசிக்குள் வைத்துவிட்டேன். அதன் கட்டையை நகர்த்தவில்லை.

அடக்கத்துக்கு நீங்கள் வராததை நான் குறையாகச் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டை அரபி முதலாளி பூட்டி வைத்துக்கொண்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நீங்கள் போட வேண்டிய பிடி மண்ணையும் நானே போட்டேன்.

பட்டியல் கிறிஸ்துமஸுக்கு முன்னால் அச்சுக்குப் போக வேண்டும். அதுவரை அவள் நம் வீட்டில் ஒன்பதாம் வகுப்பில் இருப்பாள். எப்படியாவது லீவு வாங்கி வாருங்கள். அந்த ஒரு வரியை நீங்கள் எடுங்கள். நான் பக்கத்தில் இருந்துகொள்கிறேன்.

போக்கிலும் வரத்திலும் கர்த்தர் உங்களைக் காத்து, நம் வாசலில் கொண்டுவந்து சேர்ப்பாராக.

இப்படிக்கு,
சத்தியபாய்