எட்டாவது கப்பல்

நவம்பர் 18, செவ்வாய்

கடலில் கண்ணிவெடிகளை வாரி அகற்றும் ஜப்பானியக் கண்ணிவாரிக் கப்பல்களைப் பற்றி இன்று வகுப்பில் பேசினேன். இரண்டாம் உலகப் போரின்போது அவர்களுடைய கடலில் போடப்பட்ட சில கண்ணிவெடிகள் கப்பல்களை எண்ணுமாம். ஏழு கப்பல்களைப் போகவிட்டு எட்டாவதில் வெடிக்கும். அதனால் வாரிய இடத்தையே திரும்பத் திரும்ப வாரினார்கள்.

கண்ணிவெடி அகற்றிய எங்கள் காணியைப் பார்க்க அப்பா வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணம் போகிறார். சாப்பிடும்போது அவரிடம் இதைச் சொன்னேன்.

"அது கடல், பிள்ளை. எங்கட காணியில இப்ப மாடே மேயுதாம்."

"எத்தினை மாடு, அப்பா?"

"விசர்க் கதை கதைக்காமச் சாப்பிடு."

இங்கே, நாங்கள் குடியேறிய கர்க்லாண்டில்கூட அப்பா புல்லில் கால் வைக்க மாட்டார்.

அவருடைய பாஸ்போர்ட் என் புத்தகப்பையில் இருக்கிறது. அம்மாவுக்கும் தெரியாது. கீழே அப்பா மேசை லாச்சியைத் திறந்து தேடும் சத்தம் கேட்கிறது. இது ஏழாவது தடவை.