வாபஸ் வாங்காத பெயர்

மார்ச் 4

தையல் கடையைத் திறப்பதற்குள் எங்கள் கட்சிச் செயலாளர் அண்ணன் வந்து நிற்கிறார். இன்னொரு கட்சியோடு கூட்டணி முடிவாகிவிட்டதாம். நாங்களும் சின்னக் கட்சி, அவர்களும் சின்னக் கட்சி. தனித்தனியாக நின்றால் ஓட்டு பிரிந்து ஆளுங்கட்சிதான் ஜெயிக்கும். அதனால் நான் மனு போட்டிருக்கும் தொகுதி அவர்களுடைய மருந்துக்கடைக்காரருக்கு, பக்கத்துத் தொகுதி எங்கள் வக்கீலுக்கு. அங்கே அவர்கள் ஆள் வாபஸ், இங்கே நான்.

"ஒன்பது வருஷமா தெருத் தெருவா நடந்தவ நான்," என்றேன்.

"தெரியும்மா. அதான் நேர்ல வந்தேன்."

பெரிய மரியாதை. தையல் மெஷினை விட்டு நான் எழுந்திருக்கவே இல்லை.

மார்ச் 5

சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. கல்யாணமான நாளிலிருந்தே அப்படித்தான்.

மார்ச் 7

வாபஸ் வாங்க இன்று மூன்று மணி வரைதான். கையெழுத்துப் போட்ட படிவத்தோடு பதினொரு மணிக்கே தேர்தல் அலுவலகத்தில் இருந்தேன். அண்ணன் கொடுக்க விடவில்லை.

"அவங்க ஆள் அங்க கொடுத்துட்டான்னு போன் வரட்டும். நாம முதல்ல வாபஸ் வாங்கினா ஏமாந்துடுவோம்."

அங்கே அவர்களும் இதையே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று இந்த மனுஷருக்குத் தோன்றாதா? எனக்குத் தோன்றியது. ஆனாலும் உட்கார்ந்திருந்தேன். ஏன்? இங்கேயாவது உண்மையை எழுதுகிறேன் — என் பெயர் இன்னும் கொஞ்ச நேரம் பட்டியலில் இருக்கட்டுமே என்று ஓர் அற்ப ஆசை.

இரண்டு ஐம்பத்தெட்டுக்குப் போன் வந்தது. அங்கே கொடுத்துவிட்டார்கள். மாடிப்படி ஏறி ஓடினேன். குமாஸ்தா கடிகாரத்தைக் காட்டினார்.

"மூணு அடிச்சிடுச்சு மேடம். இனிமே வாங்க முடியாது."

மார்ச் 8

மருந்துக்கடைக்காரர் போன் செய்தார். "நாங்க உங்களை நம்பி அங்க வாபஸ் வாங்கினோம்ல?" அவ்வளவுதான், வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 10

எனக்கு எதிராக நானே பிரசாரம். வீடு வீடாகக் கதவைத் தட்டி, "ஓட்டுச் சீட்டுல என் பேர் இருக்கும், அதுல போட்டுடாதீங்க. மருந்துக்கடைக்காரருக்குப் போடுங்க," என்கிறேன்.

கடைக்கு வழக்கமாக வரும் டீச்சர் சிரித்தாள். "ஓட்டு வேணாம்னு கேட்டு வர்ற முதல் ஆள் நீதான்டி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்ச் 16

கால் வீங்கிவிட்டது. இன்னும் நாலு தெரு பாக்கி.

மார்ச் 21

ஓட்டுப் போட்டாயிற்று. மருந்துக்கடைக்காரருக்குத்தான்.

மார்ச் 23

பக்கத்துத் தொகுதியில் எங்கள் வக்கீல் ஜெயித்துவிட்டார். இங்கே மருந்துக்கடைக்காரர் ஆளுங்கட்சியிடம் நாற்பத்து மூன்று ஓட்டில் தோற்றுப்போனார். எனக்கு விழுந்தது அறுபத்தொன்று.

யார் இந்த அறுபத்தொரு பேர்? வீட்டுக்கு வந்ததிலிருந்து கத்திக்கொண்டே இருந்தேன். சொல்லச் சொல்லக் கேட்காத ஜென்மங்கள், கெடுத்தார்களே, என் மானத்தை வாங்கினார்களே என்று. வீட்டுக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நான் உனக்குத்தான் போட்டேன்," என்றார். "உன் பேரைப் பாத்தேனா... வேற எதுலயும் போட மனசு வரல. உன் அக்காவும் அப்படித்தானாம்."

திட்ட வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது. இத்தனை வருஷத்தில் இவர் என்னிடம் இப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை.

நாளைக்கு மருந்துக்கடைக்குப் போயாக வேண்டும். என்ன சொல்வேன்? அதில் இரண்டு ஓட்டு என் வீட்டு ஆட்களுடையது என்றா?