கிழித்துப் போட்ட தாள்

என்னங்க, கடவுள் புண்ணியத்தில் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நேற்று எங்கள் கம்பெனி மேலாளர் அறையில் தரத் தணிக்கை அதிகாரி, மேலாளர், குளிர் அறைப் பொறுப்பாளர் அக்கா, நான் ஆக நால்வர் இருந்தோம். சர்வதேசத் தர விதிகளை மாற்றிவிட்டார்கள். போன மாதத்திலிருந்து, குளிர் அறையின் வெப்பநிலையை எழுதும் தாளில் அடித்தல் திருத்தல் இருந்தாலும் அதையே வைத்திருக்க வேண்டுமாம். எனக்குத்தான் அடித்தலே ஆகாதே! அக்காவின் தாளை அழகாகப் படியெடுத்துவிட்டு, பழையதைக் கிழித்துப் போட்டிருந்தேன்.

"முத்து முத்தா இருக்கே, உக்காந்து ஜோடிச்சதா?" என்றார் அதிகாரி.

"என் தாளுங்க, நான்தான் பொறுப்பு" என்று அக்கா முந்திக்கொண்டார். தினமும் சாமி கும்பிடும் நான் அவர் பின்னால் ஒதுங்கி நின்றேன்.

இன்று அக்காவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். "உனக்குக் குடும்பம் இருக்குடி, சும்மா இரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மேலாளரிடம் உண்மையைச் சொன்னால் என் வேலை போகும். சொல்லட்டுமா? சீக்கிரம் பதில் போடுங்கள்.