உட்கார வைத்தவருக்கு

சார்,

போன ஞாயிற்றுக்கிழமை சாம்பியன் ரீப்ஸ் மைதானத்தில் எங்கள் அணிப் பெண் ஒருத்தி கணுக்காலைப் பிடித்துக்கொண்டு கோர்ட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். யாரோ ஓடி வந்து வலி ஸ்பிரே அடித்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீங்கள் வந்து நின்றீர்கள். நீங்கள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது. என் மூக்குக்கு அது தெரியவில்லை போலிருக்கிறது.

அன்றைக்கு நீங்கள் பயிற்சி கொடுத்த கூடைப்பந்து அணியில் என் வேலை அதுதானே. ஆடுகிறவள் விழுந்தால் ஸ்பிரேயை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும், அடித்துவிட்டுத் திரும்பி வந்து பெஞ்சு தேய்க்க வேண்டும். எனக்கும் ஜெர்சி உண்டு, நம்பர் உண்டு, ஆட்டம் மட்டும் கிடையாது. "துவைக்கவே வேணாம், அப்படியே மடிச்சு வை" என்று அம்மா கிண்டல் செய்வாள். நானும் கூடச் சிரிப்பேன். உள்ளே எரியும்.

ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன், எப்போது என்னை இறக்குவீர்கள் என்று. நம் ஊர்த் தங்கச் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்குகிற கேஜை, அந்த இரும்புக் கூண்டை, உதாரணத்துக்கு இழுக்காமல் உங்களுக்குப் பேச்சே வராதே.

"டிக்கெட் இல்லாத ஆள கேஜ்ல ஏத்துவாங்களா? மொதல்ல நீ இன்னா பண்ணுவேன்னு காட்டு. அப்பறம் இறக்கறேன்."

எங்கே காட்டுவது சார், பெஞ்சிலா?

என் அப்பா நந்திதுர்க் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நீங்கள் சொன்னதைப் போய்ச் சொன்னதும் சாப்பாட்டுத் தட்டில் வைத்த கையோடு சிரித்தார். "அவரு மேல ஒர்க்‌ஷாப்புல இருக்கறவரு கண்ணு. கேஜுல கால் வெச்சிருக்க மாட்டாரு. புது ஆள மேலயே நிக்க வெச்சா எவன் வேலை கத்துக்கறது? பழைய ஆளோட ஜோடி சேத்து இறக்கி வுட்ருவாங்க. என்னயும் அப்டித்தான் இறக்கனாங்க."

இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு அப்போது வாய் வரவில்லை. இப்போது வருகிறது. சுரங்கத்தை வைத்து எங்களைப் பயமுறுத்திய நீங்கள், அதற்குள் ஒருநாளும் இறங்கியதில்லை.

பங்காருப்பேட்டையில் நடந்த அந்த இறுதி ஆட்டத்தை மறக்கவே மாட்டேன். ராத்திரி ஷிப்ட் முடித்து, தூங்காமல், நேராக ரயிலேறி வந்திருந்தார் அப்பா. மகள் ஆடுவாள் என்று பக்கத்து வீட்டில் எல்லாம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். பாதி ஆட்டத்தில் நம் கேப்டனின் கணுக்கால் பிசகியது. பெஞ்சில் மிச்சமிருந்தது நான் ஒருத்திதான். ஜெர்சிக்கு மேல் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு எழுந்து நின்றேன். நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை. "ஸ்பிரே அடி" என்றீர்கள். அடித்தேன். அவள் நொண்டிக்கொண்டே ஆடினாள், அவளைத் தாண்டித் தாண்டிப் பந்து போட்டு எதிரணி ஜெயித்தது.

அதோடு விட்டிருந்தால்கூட நான் இத்தனை வருஷம் உங்களைத் தூக்கிச் சுமந்திருக்க மாட்டேன். கண் கலங்கி நின்றவளிடம், என் அப்பாவின் காதில் விழும்படி சொன்னீர்கள்: "நீ எறங்கியிருந்தா இன்னும் கேவலமாத் தோத்திருப்போம்." அப்பா ரயிலில் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். அடுத்த வருஷம் சுரங்கமும் மூடியது, அவரும் படுத்தார், எழுந்திருக்கவே இல்லை. நான் ஒரு நிமிஷம் ஆடிக்கூட அவர் பார்க்கவில்லை. உங்கள் சாவுக்கு வந்து மாலை போட்டேன் சார். எல்லோரும் அழுதார்கள். எனக்கு வரவில்லை.

இப்போது வாரநாளெல்லாம் வேலைக்காகப் பெங்களூருக்கு ரயில், ஞாயிறானால் பிள்ளைகளுக்குப் பயிற்சி. புதுப் பெண்ணைத் தனியாக விடாமல் தேர்ந்த ஒருத்தியோடு சேர்த்து இறக்குவேன். அப்படி இறக்கித் தோற்றதும் உண்டு. கமிட்டிக்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். உங்கள் கட்சிக்கும் நியாயம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. புதியவள் தப்பு செய்வாள், கோப்பை கை நழுவும். ஆனால் கோப்பைக்காகத்தான் என்னை உட்கார வைத்தீர்கள் என்றால், அந்தக் கோப்பையும் உங்களுக்குக் கிடைக்கவில்லையே.

இந்த வருஷம் உங்கள் மகள் என்னிடம் வந்தாள், உங்கள் பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு. "அப்பாகிட்ட கத்துக்கிட்டவங்க நீங்க. இவளயும் சேத்துக்கங்க அக்கா" என்றாள். நல்ல உயரம், நிதானமான கால், பந்து வந்தால் பயம். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு நாக்கில் தேன் விட்டது போல இருந்தது. ஒரு வருஷம் முழுக்க இவளை உட்கார வைத்தால் என்ன? கேட்க யார் இருக்கிறார்கள்? பல நாள் அதையே நினைத்துச் சுகப்பட்டேன். அப்புறம்தான் உறைத்தது. இவளை உட்கார வைத்தால் ஜெயிப்பது நீங்கள்.

அதனால் போன ஞாயிறு, அடிபட்டவளை வெளியே கொண்டுவந்ததும் உங்கள் பேத்தியைத்தான் இறக்கினேன். முதல் பந்தையே எதிரணியின் கையில் கொடுத்தாள். அடுத்ததும் போயிற்று. உங்கள் பழைய சிநேகிதர் ஒருவர் ஓரத்திலிருந்து, "யம்மா, அந்தப் பொண்ண வெளிய எடு, மேட்சு போவுது!" என்று கத்தினார். அவளும் என்னைப் பார்த்தாள்.

"அக்கா, என்ன எடுத்துருங்க."

"முடியாது. ஆடு."

ஆடினாள். கடைசியில் ஒரு ரீபவுண்டை எகிறிப் பிடித்து, பதறாமல் நின்று, ஆளில்லாத பக்கம் பார்த்து பாஸ் கொடுத்தாள் பாருங்கள், அவளுடைய அம்மா ஆடியன்ஸில் எழுந்து நின்று அழுதுவிட்டாள். ஆட்டம் தோற்றோம். தோற்றது யாருக்கும் ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை.

முடிந்ததும் உங்கள் மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அப்பா இருந்திருந்தா உங்கள இன்னா திட்டு திட்டியிருப்பாரு தெரியுமா?"

"தெரியும். அதுக்குத்தான் எறக்கனேன்."

அவள் விளையாட்டுப் பேச்சென்று நினைத்துச் சிரித்தாள். சிரிக்கட்டும்.

உங்கள் மேல் எனக்கிருக்கிற கோபம் ஆறவில்லை சார். ஆற வேண்டாம். அது இருக்கிறவரை என்னிடம் வருகிற எந்தப் பிள்ளையும் ஆடாமல் வீட்டுக்குப் போகாது, உங்கள் பேத்தியும்தான்.