புகையில்லாத வேனுக்கு எத்தனை மைலேஜ்?

ஜூன் 16, திங்கள்

டேங்க் ஃபுல் பண்ணிக் கணக்குப் போட்டேன். லிட்டருக்கு எட்டு புள்ளி ஆறு. திரும்பப் போட்டேன். அதே எட்டு புள்ளி ஆறு.

பூஞ்சேரி ஸ்டாண்டில் ஆம்பளைங்க எல்லாரும் என்னை 'மைலேஜ் சாராள்' என்று கூப்பிடுவது சும்மா இல்லை. அந்தப் பழைய ஓட்டை வேனிலேயே பதினொன்று எடுத்தவள் நான். பிள்ளைகள் ஏறுகிற ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இஞ்சினை ஆஃப் பண்ணிவிடுவேன். முப்பதைத் தொடுவதற்குள் பெரிய கியர் போட்டுவிடுவேன். இந்த ஸ்கூல் வேன் வாங்கி ஒரு வருஷம்தான் ஆகிறது. இது இப்படிக் குடித்தால் எப்படி? போதாததற்கு டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு வேறு. ஒரு பெட்டி, உள்ளே புள்ளி புள்ளியாக. என்ன எழவோ.

ஜூன் 17, செவ்வாய்

செங்கல்பட்டு போய்ப் பூபாலனிடம் காட்டினேன். என் வீட்டுக்காரருடைய தம்பி, பைபாஸில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறான்.

"அண்ணி, அது புகையை வடிகட்டுற ஃபில்டரு. சைலன்சர் பைப்புல கீது. கரி அடைச்சிகினு இஞ்சினை மூச்சு வுட உடல. அதைக் கழட்டிட்டு வெறும் பைப்பு வெச்சா மைலேஜ் தானா வரும். உங்க ஸ்கூலுக்கே ஓட்டுற தனகோடி அண்ணாத்த வேனுக்கு அப்டிதான் பண்ணேன். பன்னெண்டு குடுக்குது."

"அப்போ கம்பெனிக்காரன் எதுக்கு வெச்சான்?"

"சர்க்காரு கேட்டுச்சு, வெச்சான்."

சிரிக்கிறான். எனக்கு அந்தப் பதில் பத்தவில்லை. புகையும் விடாமல் மைலேஜும் கொடுக்கிற டீசல் வண்டி என்று ஒன்று உண்டா, இல்லையா? விற்றவன் உண்டு என்றான். அதை நம்பித்தானே வாங்கினேன்.

ஜூன் 21, சனி

மரக்காணத்தில் இவர் சொந்தத்தில் கல்யாணம். வேன் நிறைய ஆள், ஏசி வேறு. திரும்பி வரும்போது பார்க்கிறேன் — விளக்கு அணைந்திருக்கிறது! யார் வேண்டிக்கொண்டார்களோ.

ஜூன் 22, ஞாயிறு

பன்னிரண்டு புள்ளி ஒன்பது. எப்படி?

ஜூன் 27, வெள்ளி

விளக்கு மறுபடியும். மணமை ஊரைத் தாண்டியதும் வேன் இழுக்கவே இல்லை. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க நாற்பதுக்கு மேல் போகமாட்டேன் என்கிறது. பதினான்கு பிள்ளைகளும் லேட். ஸ்கூல் ஆபீஸில் நிற்க வைத்துச் சொல்லிவிட்டார்கள், இன்னொரு தடவை இப்படி ஆனால் ட்ரிப்பை வேற வேனுக்குக் கொடுத்துவிடுவார்களாம். ட்ரிப் போனால் தவணை கட்ட முடியாது, வேனும் போச்சு.

ஜூன் 28, சனி

பூபாலன் ஃபில்டரைக் கழற்றிவிட்டான். லேப்டாப்பை மாட்டி விளக்கையும் வாயை மூட வைத்தான். "ரெண்டு நாள் ஓட்டிப் பாருங்க அண்ணி. புடிக்கலன்னா திரும்ப மாட்டிக் குடுத்துடறேன்."

தப்பு என்று தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

ஜூன் 30, திங்கள்

வண்டி பறக்கிறது.

ஸ்கூல் சந்தில் மட்டும் ஒரு எரிச்சல். அங்கே வேனைத் திருப்ப முடியாது, ரிவர்ஸிலேயே கேட் வரை போகணும். பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற கல்யாணி பின்னால் நின்று "வரட்டும், வரட்டும்" என்று குரல் கொடுப்பாள். இன்றைக்குக் குரலே இல்லை. வேனைக் கையால் டப் டப் என்று தட்டுகிறாள், அவ்வளவுதான். "இன்னாடி, வாய்ல கொழுக்கட்டையா?" என்று கத்தினேன். அவள் பாட்டுக்கு ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

ஜூலை 1, செவ்வாய்

இன்றைக்கும் டப் டப். இறங்கிப் போய்க் கேட்டுவிட்டேன்.

"மூச்சைப் புடிச்சிகினு எப்டிக்கா கத்துறது?"

புரியவில்லை எனக்கு. அவளே சொன்னாள். "நீங்க கண்ணாடியை ஏத்திகினு உள்ள கீறீங்க. எனக்குப் பைப்பு நேரா மூஞ்சிக்குக் கீது. வாயத் தொறந்தா இருமல் வந்துடும், அப்பறம் ராத்திரி பூரா இழுப்பு."

பழைய வேன் காலத்தில் மூன்று வருஷமும் அவள் தட்டத்தான் செய்தாள். அது அவள் பழக்கம் என்று நினைத்தேன். புது வேன் வந்ததும் குரல் கொடுக்க ஆரம்பித்தாள். பரவாயில்லையே, கல்யாணிக்குத் தைரியம் வந்துவிட்டது என்று நினைத்தேன். மூன்று வருஷம்! ஒரு நாளாவது கேட்டேனா நான்?

"ஏண்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா வேற வேன் வாங்கியிருப்பீங்களா?"

மைலேஜ் பதினொன்று புள்ளி ஏழு வந்தது. சந்தோஷப்பட முடியவில்லை.

ஜூலை 2, புதன்

ஃபில்டரைத் திரும்ப மாட்டச் சொன்னேன். "இன்னா அண்ணி, பேஜாரு பண்றீங்க. ஒரு வாரத்துல திரும்ப அடைச்சிக்கும்" என்றான் பூபாலன். மாட்டிக்கொடுத்தான். அவன் சொன்னது நடந்தால் ட்ரிப் போய்விடும். பயமாக இருக்கிறது.

ஜூலை 3, வியாழன்

இவர் கல்பாக்கத்தில் டெக்னீசியன். சாப்பிடும்போது பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன்.

"டீசல் நல்லா சூடா எரிஞ்சா மைலேஜ் வரும், ஆனா கண்ணுக்குத் தெரியாத கெட்ட வாயுவும் கூடவே வரும். சூட்டைக் கொறைச்சா கரி வரும். ஒண்ணை அமுக்கினா இன்னொண்ணு எழும்பும். அதுக்குதான் வெளியே பைப்புல வெச்சு வடிகட்டுறான்."

"சரி, வடிகட்டின கரி எங்க போவும்? டீ வடிகட்டியை நான் தட்டிக் கொட்டுறேன். இதை யாரு கொட்டுறது?"

"வண்டிக்காரி நீயா, நானா?" என்று கை கழுவப் போய்விட்டார்.

வேனோடு வந்த புத்தகம் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் கிடந்தது. எடுத்துப் படித்தேன். யாரும் கொட்ட வேண்டாமாம். கரி அங்கேயே எரிந்து போகுமாம். அதற்குச் சூடு வேண்டும், வேகம் குறையாமல் இருபது நிமிஷம் ஓட வேண்டும். கொஞ்சம் கூடுதல் டீசலை வண்டியே அதற்குச் செலவு பண்ணும். *எரியும்போது இஞ்சினை நிறுத்தாதீர்கள்.*

நான் நிறுத்துகிறேன். பதினோரு ஸ்டாப், பதினோரு தடவை. அது எரிக்க ஆரம்பிக்கும், நான் ஆஃப் பண்ணுவேன். திரும்ப ஆரம்பிக்கும், திரும்ப ஆஃப். உலை கொதிப்பதற்குள் அடுப்பை அணைத்து அணைத்துப் பற்ற வைத்தால் சோறும் வேகாது, கேஸும் தீரும். அதைத்தான் செய்திருக்கிறேன். மரக்காணம் போனபோது விளக்கு அணைய யாரும் வேண்டிக்கொள்ளவில்லை, நிறுத்தாமல் ஓட்டினேன், அவ்வளவுதான்.

மைலேஜ் சாராளாம். தூ.

ஜூலை 5, சனி

காலி வேனை எடுத்துக்கொண்டு ஈசிஆரில் கூவத்தூர் வரை போய் வந்தேன். அறுபதுக்குக் குறையாமல். ஒரு ஆள்கூட ஏறாமல் டீசலை எரிக்க வயிறு எரிந்தது. வழியில் லேசாகத் தீய்ந்த வாசனை. வழக்கமாக அந்த வாசனை வந்தால் பதறி நிறுத்துவேன். இன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். விளக்கு இந்தத் தடவை எரியவே இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

ஸ்டாப்பில் இஞ்சினை அணைக்காமல் இருப்பதற்குக் கையைக் கட்டிப்போட வேண்டியிருக்கிறது. சாவிக்குத்தான் போகிறது அது.

ஜூலை 19, சனி

இரண்டு வாரம் முடிந்தது. காலியாக ஓட்டியதையும் சேர்த்துப் பதினொன்று புள்ளி மூன்று. வேன் ஒரு நாளும் மக்கர் பண்ணவில்லை. பூபாலன் குனிந்து பைப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தான், அப்புறம் என் சேலையில் துடைக்க வந்தான், போக்கிரி. துடைக்க ஒன்றும் இல்லை. "தனகோடி அண்ணாத்த வேன்ல வுட்டா மை மாதிரி ஒட்டும் அண்ணி" என்று அவனே சொன்னான்.

தனகோடி அண்ணாத்தவுக்குப் பன்னிரண்டு. எனக்கு அதைவிடக் கொஞ்சம் கம்மிதான். அப்போ சுத்தமும் மைலேஜும் முழுசாகச் சேர்ந்து வராதோ? இவர் சொன்ன அந்தக் கண்ணுக்குத் தெரியாத வாயுவை விரல் விட்டுப் பார்க்க முடியாதே, அது போகிறதா இல்லையா என்று யாரிடம் கேட்பது? புத்தகத்தில் இன்னும் நாற்பது பக்கம் இருக்கிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையில் நல்ல மழை. ஸ்கூல் சந்தில் ரிவர்ஸ் எடுத்தேன். கண்ணாடியை ஏற்றியிருந்தும் கல்யாணி குரல் கேட்டது. "வரட்டும்... வரட்டும்... இன்னும் வரட்டும்... போதும்க்கா!" தெருவே கேட்டிருக்கும்.

எனக்கு அடுத்து தனகோடி அண்ணாத்த வேன் உள்ளே வந்தது. பின்னால் அவர் வேன் ஆயா, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு. டப் டப். டப் டப்.

கல்யாணி திரும்பி என்னைப் பார்த்தாள்.

மழையிலேயே இறங்கிப் போய் அண்ணாத்த கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்தே "இன்னா சாராளு?" என்றார்.

"கண்ணாடியை எறக்கு அண்ணாத்த" என்றேன்.